கழற்றாத பில்டர்

லென்ஸுக்கு முன்னால் பாதுகாப்புக்கு ஒரு பில்டர் போடுவதா வேண்டாமா என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போது களைப்புத்தான் வருகிறது. முன்பு அப்படி இல்லை. திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் பாதையில் இருபது வருடமாக ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். புதுக் கமராவோடு யாராவது படியேறி வந்தால் போதும், நானே கதையைத் தொடங்கிவிடுவேன். "முதல்ல ஒரு பில்டர் வாங்கிப் போடுங்கோ. உப்புக்காத்து அடிக்கிற ஊர் இது. லென்ஸ் போனா போனதுதான். பில்டர் போனா இன்னொண்டு வாங்கலாம்" என்பேன். படம் கெடாதா என்று கேட்பவர்களைப் பார்த்துச் சிரிப்பேன். "உங்கட வீட்டு யன்னல் கண்ணாடியால பாத்தா வெளியில நிக்கிற மரம் தெரியாதோ?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன்.

அந்தப் பதிலில் எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் பில்டரைக் கழற்றி ஒரு படம், போட்டு ஒரு படம் என்று ஒரு தடவைகூட நான் எடுத்துப் பார்த்ததில்லை. தெரிந்த விசயத்தை எதற்குச் சோதிப்பது என்று இருந்துவிட்டேன்.

ஊர்ப் பழக்கமும் எனக்குத் துணை நின்றது. இங்கே நாங்கள் எதையும் உறை கழற்றிப் பாவிப்பதில்லை. ஓட்டோ வாங்கி ஏழு வருடம் ஆனாலும் சீற்றில் கம்பனி போட்ட பொலித்தீன் அப்படியே இருக்கும். வெயிலில் பொரிந்து, வெடித்து, ஏறுபவரின் தொடையில் ஒட்டும். ஆனாலும் கிழிக்கமாட்டார்கள். என் வீட்டில் ரிவி ரிமோட் ஒரு பொலித்தீன் பைக்குள் இருக்கிறது, பையின் வாயில் ரப்பர் பட்டி. எந்தப் பொத்தானையும் இரண்டு தரம் அழுத்தினால்தான் வேலை செய்யும். அது மனைவியின் ஏற்பாடு. அவளை அதற்காகக் கேலி செய்துகொண்டே நான் என் லென்ஸுக்கும் அதையே செய்திருந்தேன்.

நீளமான லென்ஸ் அது. தூரத்தில் இருப்பதை இழுத்துப் பக்கத்தில் காட்டும். வெளிநாட்டுச் சாமான்கள் வராமல் நின்ற வருடங்களுக்குச் சற்று முன்னர் வாங்கினேன். வாங்கிய அன்று கடைக்காரர் சும்மா தந்த ஒரு மலிவுப் பில்டரைக் கடை வாசலிலேயே திருகிப் போட்டேன். பிறகு சாமான் வரத்து நின்றது. ஒரு கீறல் விழுந்தாலும் மாற்றுக்கு வழியில்லை என்ற பயத்தில் அந்தப் பில்டரில் கை வைக்கவே இல்லை. சாமான் திரும்ப வரத் தொடங்கிய பிறகும் கை வைக்கவில்லை. உப்புப் படிந்தால் ஒரு ஊது ஊதி, சேட்டின் நுனியால் துடைத்துவிடுவேன். இப்படியே நாலு வருடத்துக்கு மேல் போயிற்று.

அது தன் குணத்தைக் காட்டாமலும் இருக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் மணவறைக்கு முன்னால் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. படத்தில் பார்த்தால் மாப்பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே, பச்சை நிறத்தில், தலைகீழாக இன்னொரு சின்னச் சுடர். பில்டருக்கும் லென்ஸுக்கும் இடையில் வெளிச்சம் பட்டுத் திரும்பி விழுந்த எதிரொளி அது. மாப்பிள்ளையின் தாய் அல்பத்தில் அந்தப் பக்கத்தைக் கண்டதும் கண் கலங்கிவிட்டார். "கோயில் அம்மாள் வந்து நிக்கிறா, பாத்தீங்களே?" என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் சந்தோசத்தைக் கெடுத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி, "அம்மாளுக்கு உங்கட பில்டருக்குள்ளதான் இடம் கிடைச்சுதோ" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அதோடு அதை மறந்தும் போனேன்.

கல்யாணத்துக்கு முன்னால் சோடியை வைத்து எடுக்கும் படங்களுக்கு இப்போது எல்லாரும் நிலாவெளிக்குத்தான் போக விரும்புகிறார்கள். துறைமுகப் பக்கம் கமராவை வெளியில் எடுத்தால் யாராவது வந்து என்ன ஏது என்று விசாரிப்பார்கள். விமானப்படை முகாம் இருக்கிற சீனன்குடாப் பக்கம் சொல்லவே வேண்டாம். போன வருடம், கடல் அமைதியாகக் கிடக்கிற மாதங்களில் ஒரு நாள், அப்படி ஒரு சோடியைக் கூட்டிக்கொண்டு காலை ஆறரைக்கு நிலாவெளிக் கரையில் நின்றேன். சூரியன் கடலுக்கு மேலே, சரியாக என் முகத்துக்கு நேரே. அவர்கள் அலையோரமாக நடக்க வேண்டும், திரும்பிச் சிரிக்க வேண்டும், மறுபடியும் நடக்க வேண்டும். எனக்கு முழங்கால் நோ. முதல்நாள் நித்திரையும் சரியில்லை. "இன்னொருக்கா நடந்து வாங்கோ" என்று சொல்வதற்கே அலுப்பாக இருந்தது.

அவர்களுக்குப் பின்னால் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் வளைத்துப் போட்ட பெரிய வலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டம் கரையில் நின்று இழுக்கும். நடுவில் மீன் வந்து சேரும் பையை மடி என்பார்கள். மடி இன்னும் தூரத்தில் கிடந்தது. அப்போது வடக்கே இருந்து ஒரு நீலப் படகு எஞ்சின் போட்டு வந்தது. வலை கிடக்கிறது என்பதை மிதவைகளைப் பார்த்தே அறியலாம். அது விலகிப் போகவில்லை. மடிக்கு மேலாலே நேராகப் போனது. கரையில் நின்றவர்கள் கத்தினார்கள். ஒரு பக்கக் கயிறு திடீரென்று தளர்ந்ததில், இழுத்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் மணலில் பின்பக்கமாக விழுந்தார்கள்.

நான் பழக்கத்தில் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒன்பது படங்கள் விழுந்திருந்தன.

வலையின் சொந்தக்காரரை அந்தக் கரையில் சம்மாட்டி என்றே எல்லாரும் சொல்வார்கள். அறுபது வயதிருக்கும். அவருடைய இரண்டு மகள்மாரின் கல்யாணத்துக்கும் நான்தான் படம் எடுத்தேன். கிழிந்து தொங்கிய மடியைக் கரைக்குக் கொண்டு வந்து போட்டுவிட்டு, ஈரச் சாரத்தோடு அவர் என்னிடம் ஓடி வந்தார்.

"எடுத்தனீங்கள்தானே, தம்பி? காட்டுங்கோ!"

படகின் பக்கத்தில் எழுதியிருந்த இலக்கத்தைத் திரையில் பெரிதாக்கினேன். முன் இலக்கங்கள் நுரைக்குள் மறைந்திருந்தன. கடைசி இரண்டும் தெரிந்தன. வெயில் திரையில் விழாமல் அவர் இரண்டு கைகளாலும் மறைத்துப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"எழுபத்தெட்டு. கடைசி எழுபத்தெட்டுத்தானே? வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

நான் வடிவாகப் பார்க்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெண்ணின் முகப்பூச்சு கரையத் தொடங்கியிருந்தது. முழங்கால் வேறு.

"ஓம்" என்றேன்.

எழுபத்தெட்டில் முடிகிற நீலப் படகு அந்தக் கரையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை ஓட்டுபவர் பாலையூற்றில் பிறந்தவர். கல்யாணம் முடித்து மனைவியின் ஊருக்கு வந்தவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும், மாப்பிள்ளை அங்கே போய் இருப்பார். பத்து வருடம் ஆனாலும் வந்தவர் வந்தவர்தான். அன்று கரைவலை இழுத்தவர்களில் இரண்டு பேர் அவருடைய மனைவியின் தம்பிமார். அவரோ விடியமுன் தனியாக வடக்கே குச்சவெளிப் பக்கம் தூண்டில் போடப் போயிருந்தார். அங்கே அவரைக் கண்டவர் யாரும் இல்லை.

மத்தியானம் சம்மாட்டி ஸ்ரூடியோவுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கித் தரும்படி கேட்டார். மீனவர் சங்கத்தில் காட்ட வேண்டுமாம். படம் மங்கலாக இருந்தது. மங்கல் படத்தைக் கொடுப்பது எனக்கு வெட்கம். கணினியில் கறுப்பைக் கூட்டி, விளிம்புகளைக் கூராக்கி, பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். இப்போது அந்த எட்டு யாரும் மறுக்க முடியாத எட்டாக இருந்தது. "உங்கட கைராசிதான், தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பிறகுதான் அந்தச் சோடியின் படங்களைத் திறந்தேன். மணப்பெண்ணின் கழுத்துச் சங்கிலி இரண்டாகத் தெரிந்தது. ஒன்று தெளிவாக, அதன் இடது பக்கத்தில் இன்னொன்று வெளிறலாக. மாப்பிள்ளையின் கண்ணாடிச் சட்டத்திலும் அப்படித்தான். படம் முழுவதும் பால் கலந்த மாதிரி ஒரு வெளுப்பு. எடுக்கும்போது என் கை ஆடியதோ என்று முதலில் நினைத்தேன். எல்லாப் படத்திலும் ஒரே பக்கமாக, ஒரே அளவாக ஆட யாராலும் ஏலாது. அப்போதுதான் பில்டர் நினைவுக்கு வந்தது.

திரும்பப் படகின் படத்தைத் திறந்தேன், கூராக்காத மூலத்தை. எட்டு என்றால் இரண்டு பக்கமும் ஒரே கறுப்பாக இருக்க வேண்டும். இதில் வலது பக்கம் கறுப்பு, இடது பக்கம் சாம்பல். ஒரு மூன்று, அதன் இடது பக்கத்தில் தன் நிழலைத் தானே போட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தது. எழுபத்துமூன்றில் முடியும் படகுகள் இந்தக் கரையோரம் நெடுக எத்தனையோ இருக்கும்.

அப்போது பின்னேரம் நாலரை மணி. சம்மாட்டியின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. எடுத்துச் சொல்லியிருக்கலாம். "அண்ணை, அது எட்டு இல்லைப் போலக் கிடக்கு, கொஞ்சம் பொறுங்கோ" என்ற ஒரே ஒரு வசனம். நான் போனைக் கையில் எடுத்து, மேசையில் வைத்தேன். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்லப் போனால் பில்டர் கதை வரும். பில்டர் கதை வந்தால் நாலு வருடத்து அல்பங்கள் எல்லாம் கேள்விக்கு வரும். அவருடைய இளைய மகளின் கல்யாணமும் அந்தக் கண்ணாடிக்குள்ளால் எடுத்ததுதான். இதையெல்லாம் நின்று விளக்கும் தெம்பு எனக்கு இல்லை. அது பயமா களைப்பா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. களைப்பு என்று சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த நாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் சம்மாட்டியே போன் எடுத்தார். சங்கத்தில் பேசி முடித்துவிட்டார்களாம். விசாரணை முடியும்வரை எழுபத்தெட்டு இந்தக் கரையில் இருந்து கடலுக்கு இறங்கக்கூடாது என்று முடிவாம். படகை மேட்டில் ஏற்றி எஞ்சினையும் கழற்றிவிட்டார்களாம். "அவன் இல்லை இல்லை எண்டு சத்தியம் பண்ணினவன். உங்கட படத்தை மேசையில வைச்சன். அதோட கதை முடிஞ்சுது" என்றார்.

"ம்" என்றேன்.

ஐந்தாம் நாள் அந்தப் படகுக்காரர் ஸ்ரூடியோவுக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உடம்பு. சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கதிரையின் நுனியில் இருந்தார்.

"அண்ணை, அந்தப் படத்தை நானும் ஒருக்காப் பாக்கலாமோ? சங்கத்தில தூரத்தில வைச்சுத்தான் காட்டினவை."

திரையில் காட்டினேன். மூலத்தை அல்ல, கூராக்கியதை. கை அதற்குத்தான் போயிற்று. அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"என்ர போட் மாதிரித்தான் இருக்கு. இலக்கமும் என்ரதுதான். ஆனா, அண்ணை, நான் அண்டைக்கு இஞ்சால வரவே இல்லை."

அவர் என்னைக் கேட்கவில்லை. தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். விடிய எந்த வழியால் வந்தேன், கண் அயர்ந்துவிட்டேனா, எஞ்சின் சத்தத்தில் கத்தியது கேட்கவில்லையா என்று ஒன்றொன்றாக யோசித்தார். செய்யாத ஒரு மனிதர் என் படத்தைப் பார்த்துவிட்டுத் தான் செய்திருக்கக்கூடும் என்று தேடிக்கொண்டிருந்தார். பிளேன்ரீ வருவித்துக் கொடுத்தேன். குடித்தார். "வாறன், அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றும் நான் வாய் திறக்கவில்லை. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

மனைவி உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஸ்ரூடியோவுக்குப் பின்னால்தான் எங்கள் வீடு.

"இஞ்சாருங்கோ, அந்த மனிசன் கதைக்கேக்க நீங்கள் ஏன் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?"

சொன்னேன். சங்கிலி இரண்டாகத் தெரிந்ததில் இருந்து சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமோ, இல்லாட்டி நினைக்கிறீங்களோ?"

"நினைக்கிறன்."

"அப்ப கழட்டிப் பாருங்கோ."

கழற்ற ஏலவில்லை. உப்பு ஏறி, பில்டரின் வளையமும் லென்ஸின் திருகுப் புரியும் ஒன்றாகிக் கிடந்தன. துணியால் பிடித்துத் திருகினேன். ரப்பர் செருப்பைப் பில்டரின் முகத்தில் அழுத்தித் திருகினேன். கை வழுக்கியது. நாலு வருடமாக எதைப் பாதுகாக்கிறேன் என்று நினைத்தேனோ அதையே உடைத்துவிடுவேன் போல இருந்தது. மனைவி குசினியில் போத்தல் மூடி திறக்க வைத்திருக்கும் சைக்கிள் ரியூப் துண்டை எடுத்து வந்தாள். வளையத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருகு திருகினாள். கறகறவென்று சத்தத்தோடு அது வந்துவிட்டது. புரியில் இருந்து வெள்ளைப் பொடி மேசையில் கொட்டியது.

பில்டரைக் கையில் எடுத்து ரியூப் லைற்றுக்குக் கீழே சரித்துப் பிடித்தேன். நல்ல கண்ணாடி என்றால் அதில் விளக்கின் விம்பம் மங்கலாக, நேராகத் தெரியும். இதில் பளிச்சென்று இரண்டு விளக்குகள் தெரிந்தன, இரண்டும் நடுவில் நெளிந்திருந்தன. என் சேட்டு நுனி வட்டம் வட்டமாகக் கீறிய கீறல்களும் தெரிந்தன. வாசலில் நின்று எதிர்ப்பக்கத் தெருவின் கடைசியில் இருக்கும் பாமசிப் பெயர்ப் பலகையை, பில்டரோடு ஒன்றும் இல்லாமல் ஒன்றுமாக எடுத்தேன். பில்டர் இல்லாத படத்தில் எழுத்தின் ஓரத்தில் வண்ணம் உரிந்திருந்ததுகூடத் தெரிந்தது. என் லென்ஸ் இவ்வளவு நல்லது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நியாயமாகச் சொன்னால் பில்டர் எல்லாம் கூடாது என்பதல்ல. நல்ல கண்ணாடியைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது, பக்கத்தில் நிற்பவரை எடுத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கஷ்டம். மணல் பறக்கும்போதும் அலை தெறிக்கும்போதும் அது இல்லாமல் நிற்பதும் புத்தியில்லை. மலிவுக் கண்ணாடி, நீள லென்ஸ், தூரத்துப் பொருள், எதிர் வெயில், நாலு வருட உப்பு, இவை எல்லாம் சேர்ந்தால்தான் மூன்று எட்டாகும். அன்று காலை எல்லாம் சேர்ந்து நின்றன. நானும் சேர்ந்துதான் நின்றேன்.

சம்மாட்டிக்குப் போன் எடுத்து, நாளைக்கு விடிய ஆறரைக்கு வருகிறேன், அந்தப் படத்தில் ஒரு பிழை இருக்கிறது, எல்லாரையும் நிற்கச் சொல்லுங்கோ என்றேன். என்ன பிழை என்றார். வந்து காட்டுகிறேன் என்றேன். அவருடைய குரல் மாறியது. "அவன் உங்களிட்ட வந்து அழுதவனோ?" என்று கேட்டார்.

அடுத்த நாள் காலை அதே இடத்தில் நின்றேன். அதே வெயில், அதே நேரம். சம்மாட்டியின் வலை வளைக்கிற படகின் இலக்கம் பதின்மூன்றில் முடியும். அதை அந்த நீலப் படகு போன தூரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னேன். பில்டரைத் திரும்பப் போட்டு மூன்று படம் எடுத்தேன். எல்லாரும் பார்க்கக் கழற்றிச் சேட்டுப் பையில் போட்டுவிட்டு மூன்று படம் எடுத்தேன். வலைக்காரர்கள் தங்கும் ஓலை வாடிக்குள், இருட்டான மூலையில், மீன் பெட்டிக்கு மேல் மடிக்கணினியை வைத்துத் திறந்தேன். வெளியில் நின்றவர்கள் எல்லாரும் உள்ளே நெருக்கிக்கொண்டு வந்தார்கள். படகுக்காரர் மட்டும் வாசலில் நின்றார்.

முதல் படத்தைப் பெரிதாக்கினேன்.

"என்ன இலக்கம், அண்ணை?" என்று சம்மாட்டியைக் கேட்டேன்.

அவர் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். "பதினெட்டு" என்று சொல்லிவிட்டு, தன் படகு என்பது நினைவு வர வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த படத்தைக் காட்டினேன். பதின்மூன்று, கோயில் சுவரில் எழுதியதுபோல் நேராகத் தெரிந்தது. யாரோ ஒருவர் பின்னால் சிரித்தார். சம்மாட்டி திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வருடமாகக் கழற்றவில்லை என்பதையும், மங்கல் படத்தைக் கூராக்கிக் கொடுத்ததையும் சொன்னேன். உங்கள் மகளின் கல்யாணப் படங்களும் இதாலேதான் எடுத்தது, அண்ணை, என்றும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. நான் எதற்குப் பயந்து ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அதைப் பற்றி அந்த வாடியில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப என்ர வலையை அறுத்தது ஆர்?" என்றார் சம்மாட்டி.

"தெரியாது, அண்ணை."

"ஓம் எண்டு சொன்னனீங்கள். வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ எண்டு கேட்டனான். ஓம் எண்டு சொன்னனீங்கள்."

அவருடைய கோபத்துக்கு அதுவரை ஒரு முகம் இருந்தது. அதை நான் பிடுங்கிவிட்டேன். இனி அவர் யாரைப் போய்ப் பிடிப்பார்? கிழிந்த மடி வாடிக்கு வெளியில் தடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வெளியே போய் அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமல், "எஞ்சினைக் குடுத்துவிடுங்கோ" என்று மட்டும் சொன்னார். படகுக்காரரின் மச்சான்மார் இருவரும் எஞ்சினைத் தூக்கி வந்து படகுக்குப் பக்கத்தில் மணலில் வைத்தார்கள். மூத்தவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றுப் பக்கம் போய்விட்டார். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. படத்தைக் கொடுத்தவன் நான் இருக்க அவர்கள் எதற்குக் கேட்க வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

படகுக்காரர் தனியாக எஞ்சினைப் பூட்டினார். நாலு நாள் மேட்டில் கிடந்த படகு. அதைத் தண்ணீருக்கு இறக்க ஆறேழு பேராவது வேண்டும். வழக்கமாகக் கேட்காமலே ஆட்கள் வந்து தோள் கொடுப்பார்கள். அன்று அவர் கேட்கவில்லை, அவர்களும் வரவில்லை. வெட்கத்தில் வராமல் நின்றார்களா, வீம்பில் நின்றார்களா தெரியாது. அவர் உருளைக் கட்டையைக் கீழே போட்டு ஒரு பக்கத்தைத் தள்ளினார். நான் கமராப் பையை மணலில் வைத்துவிட்டு மற்றப் பக்கத்தில் தோளைக் கொடுத்தேன். முழங்கால் கெஞ்சியது. ஒரு சாண், பிறகு இன்னொரு சாண் என்று அது நகர்ந்தது.

பாதித் தூரத்தில் மூச்சு வாங்க நின்றோம். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, தம்பி."

அவர் படகில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். "நான் உங்கட கடைக்கு வந்து இருந்தனே, அண்ணை. அண்டைக்கு உங்களுக்குத் தெரியுமோ?"

பொய் சொல்ல ஒரு கணம் வாய் எழுந்தது. "தெரியும். அதுக்கு முதலே தெரியும். முதல் நாள் பின்னேரமே தெரியும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபப்படுவார், கெட்ட வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

"கடலுக்குப் போகாம இருந்தது பெரிசில்லை, அண்ணை. மச்சான்மார் நம்பாததும் பெரிசில்லை, அவையள் என்னை எப்பவும் அப்பிடித்தான் பாக்கிறவை. சம்மாட்டி அந்தப் படத்தை எங்கட வீட்டுக்குக் கொண்டுவந்து என்ர மனிசியின்ர கையில குடுத்தவர். அவ படத்தைப் பாத்தவ. பாத்திட்டு என்னைப் பாத்தவ. ஒண்டும் கேக்கேல்ல. அந்தப் பார்வையை நான் இனி என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

நாங்கள் மறுபடியும் குனிந்து தள்ளினோம். அலை வந்து படகின் மூக்கைத் தூக்கியதும் அவர் பாய்ந்து ஏறினார். கரைக்கு மேலே, வீட்டு வேலியோரம், அவருடைய மனைவி வந்து நின்றிருந்தாள். அவர் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார். அவள் கையை உயர்த்தினாள், பாதியில் நிறுத்தித் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். அவர் திரும்பி எஞ்சினை இழுத்தார்.